மறுநாள் காலை

கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் 'பொன் விலங்கு' படித்துக்கொண்டிருந்தாள். நூலக முத்திரை குத்திய, முதுகில் ஒட்டுப் போட்ட பிரதி. பெருமாள்மலை தாண்டி வளைவுகள் ஆரம்பித்த பிறகும் அவள் தலை நிமிரவில்லை. மலைப் பாதையில் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. படிப்பவர்களைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். ஆனாலும் பக்கத்தில் ஒருவர் நாவல் படிக்கும்போது சும்மா இருக்க நாவலாசிரியனால் முடியுமா? கதை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் சார் இருக்கு. ஒண்ணுதான் புரியலை. இந்தக் காலேஜ்ல படிக்கிறவங்க எல்லாம் ராத்திரி எங்கே படுக்கிறாங்க?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பேச்சுக் கொடுத்ததில் விஷயம் தெரிந்தது. மேல்மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். தகப்பனாருக்குக் கொஞ்சம் பூண்டு, கொஞ்சம் உருளைக்கிழங்கு. பழனியில் தங்கிப் பி.ஏ. படிக்கிறாள். கிராமத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு பஸ், அங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் இறங்க இன்னொரு பஸ். தினம் போய்த் திரும்புகிற காரியமல்ல. விடுதியில் இடம் கேட்டு எழுதிக் கொடுத்தபோது பட்டியல் முடிந்துவிட்டது என்றார்களாம். ஆகவே பெரியம்மா முறையாகும் ஓர் அம்மாள் வீட்டில் இருக்கிறாள். இரண்டு அறை வீடு; நடையில் அவளுக்கு ஒரு பாய். தைப்பூசத்துக்குப் பாத யாத்திரை வரும் உறவுக்காரர்களும் அந்த நடையில்தான் படுப்பார்கள். பங்குனி உத்திரத்துக்கும் அப்படியே. அந்த நாட்களில் ஒரு சிநேகிதி வீட்டில் இரண்டு ராத்திரி, இன்னொரு சிநேகிதி வீட்டில் மூன்று ராத்திரி. "புஸ்தகத்தை மட்டும் பெரியம்மா வீட்டிலேயே வச்சிட்டுப் போயிருவேன் சார்" என்றாள். பரீட்சையும் திருவிழாவும் சேர்ந்து வந்துவிட்டால்தான் கஷ்டம் என்றாள். வேறு குறை எதுவும் அவள் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சில புத்தகங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததில் தோன்றியவைதாம் இவை.

மல்லிகைப்பந்தல் என்னும் மலையூரை நா. பார்த்தசாரதி கற்பனையில் கட்டினார். வரைபடத்தில் தேடினால் அது கிடைக்காது. எனக்கு மட்டும் அது எப்போதும் கொடைக்கானலாகவே படும். அங்கே பூபதி என்ற செல்வர் ஒரு கல்லூரி நடத்துகிறார். சத்தியமூர்த்தி அங்கே தமிழ் விரிவுரையாளனாகப் போகிறான். பூபதியின் மகள் பாரதி, ரயிலில் அவனால் உயிர் காப்பாற்றப்பட்ட மோகினி, பணத்தால் எல்லாரையும் ஆட்டிவைக்கப் பார்க்கும் பெரிய மனிதர்கள் என்று கதை விரிகிறது. பிறகு 'சத்திய வெள்ளம்' நாவலில் அதே மல்லிகைப்பந்தல் பல்கலைக்கழக நகரமாக வளர்ந்துவிட்டது. அங்கே மாணவர்களே கதாநாயகர்கள். உண்மையான கொடைக்கானலில் பல்கலைக்கழகம் வந்தது 1984இல்தான், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். நா.பா. 1987இல் காலமானார். தம் கற்பனை ஓரளவு பலித்ததைப் பார்த்துவிட்டே போனார் என்று சொல்லலாம்.

இந்த இரு நாவல்களையும் இன்றைக்குக் கேலி பேசுவது சுலபம். இலட்சியவாதம், நீண்ட வசனம், மாசற்ற நாயகன் என்று பல்லவி பாடியவர்கள் நிறையப் பேர். நான் அந்தக் கோஷ்டியில் சேரவில்லை. தம் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் ஒரு தலைமுறையே பெயர் வைக்கும்படி 'குறிஞ்சி மலர்' எழுதிய மனிதரைக் கேலி பேச நான் யார்? என் குறை வேறு.

மல்லிகைப்பந்தலில் அறைகளும் விடுதிகளும் இல்லாமலில்லை. விரிவுரையாளனுக்கு அறை இருக்கிறது; நண்பன் குமரப்பன் வந்து அவனோடு தங்குகிறான்; இருவரும் இரவெல்லாம் உலகத்தைத் திருத்துகிறார்கள். மாணவர் விடுதியும் வருகிறது. அங்கே கோஷம் எழுகிறது. ஆனால் அறை என்பது அங்கே பேச இடம், விடுதி என்பது கூட இடம். அந்த இடத்தை ஒருவன் எப்படிப் பெற்றான், எத்தனை நாளைக்கு அது அவனுடையது, அதற்கு என்ன கொடுத்தான் என்பவை கதையின் கவலையாக வருவதில்லை. மலையூரில் பனி கொட்டுகிறது; அந்தப் பனியில் யாருக்கும் படுக்க இடமில்லாமல் போவதில்லை.

நாவலாசிரியர்களாகிய எங்களுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அத்தியாயத்தை முடித்துவிட்டு அடுத்த அத்தியாயத்தை 'மறுநாள் காலை' என்று தொடங்கலாம். நடுவில் ஓர் இரவு இருந்தது என்பதை வாசகர் கேட்கமாட்டார். பணக்காரக் கதாபாத்திரத்துக்கு இதனால் நஷ்டமில்லை. பங்களாவில் படுத்தான், எழுந்தான், அவ்வளவுதான். ஏழை மாணவனுக்கோ அந்த இரவில்தான் கதை இருக்கிறது. அவன் நிர்வாகத்தை எதிர்த்து நிற்பானா, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவானா என்பதை அவனுடைய இலட்சியம் பாதியும் அவன் படுக்கிற இடம் பாதியுமாகத் தீர்மானிக்கின்றன. கல்லூரிகளில் வேலை நிறுத்தம் வந்தால் நிர்வாகம் முதலில் என்ன செய்யும்? மாணவர்களோடு வாதாடாது. காலவரையறையின்றி விடுமுறை, மாலைக்குள் விடுதியைக் காலி செய்க என்று ஒரு காகிதத்தை ஒட்டும். அந்தக் காகிதத்துக்கு உள்ள பலம் போலீஸ் தடிக்குக்கூடக் கிடையாது. பெட்டியோடு வாசலில் நிற்கும் மாணவர்களில் பத்துப் பேருக்கு மாமா வீடு இருக்கும். பதினோராவது பையன் எங்கே போனான் என்று நம் போராட்ட நாவல்களில் தேடினால், அடுத்த அத்தியாயம் மறுநாள் காலையில் தொடங்கிவிடும்.

எங்களைப் போல் இரவுகளைத் தாண்டிக் குதிக்காத புத்தகம் ஒன்று உண்டு. அது நாவல் அல்ல, உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் ஐயர் காலமானபோது முடியாமல் நின்ற புத்தகம். சுவடி தேடிய கதைக்காகவும் குருபக்திக்காகவும் அதைப் போற்றுகிறோம். தங்க இடமில்லாத ஒரு மாணவனின் கதையாக அதைப் படித்துப் பார்க்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். என்ன பாடம் கேட்டேன் என்று சொல்லும்போதெல்லாம் எங்கே இருந்தேன், எங்கே சாப்பிட்டேன் என்றும் ஐயர் சொல்லிவிடுகிறார். தகப்பனார் வேங்கட சுப்பையர் சங்கீத வித்துவான். பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கும் ஊர் எதுவோ அதுவே குடும்பத்துக்கு ஊர். அரியலூர், குன்னம், கார்குடி என்று குடிபெயர்ந்துகொண்டே இருக்கிறார்கள். ஓர் ஊரில் வீடு கொடுக்க ஒருவரும் நெல் கொடுக்க ஒருவரும் கிடைத்தால் அங்கே சில மாதம் பாடம் நடக்கும். ஆதரவு வற்றினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இலக்கணத்துக்கு முன்னால் இடம் வர வேண்டியிருந்தது.

1871இல் மாயூரத்துக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்கிறபோது பையனுக்கு வயது பதினாறு. கிடைத்தற்கரிய குரு கிடைத்துவிட்டார். ஆனால் சாதி ஆசாரப்படி குருவின் வீட்டில் மாணவர் சாப்பிட முடியாது. பிள்ளையவர்களோ தாமே கடனில் கிடந்தவர். அவர் வறுமையைப் பற்றியே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆக, உலகத்திலேயே பெரிய தமிழ்ப் புலவர் பக்கத்தில் இருக்கிறார். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். பட்டீச்சுரத்தில் ஆறுமுகத்தா பிள்ளை என்ற செல்வரிடம் பிள்ளையவர்கள் போய்த் தங்கியபோது மாணவரும் உடன் இருந்தார். அந்தச் செல்வர் நல்லவர்தான். ஆனால் இடம் கொடுத்தவர். விடியற்காலையில் அவர் பையனை அதட்டி எழுப்புகிற சத்தத்துக்கு ஐயர் சூட்டிய பெயர் 'ஆறுமுக பூபாளம்'. அத்தியாயத்துக்கே அந்தத் தலைப்புத்தான். காலை ராகத்தின் பெயரை வைத்து அவர் செய்யும் அந்தப் பரிகாசத்தை முதலில் படித்தபோது நானும் சிரித்தேன். இப்போது படித்தபோது சிரிப்பு வரவில்லை. சங்க நூல்களை மீட்டுக் கொடுத்த மகாமகோபாத்தியாயர், எண்பத்தைந்து வயதுக் கிழவராக உட்கார்ந்து நினைத்துப் பார்க்கும்போதும் அந்தக் குரல் காதில் விழுகிறது. பிறர் வீட்டில் உறங்கிப் படித்தவர்களுக்கு அது விழுந்துகொண்டே இருக்கும் போலும்.

திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவு கிடைக்கிற பகுதிக்கு வந்ததும் அந்தப் புத்தகத்தின் நடையே மாறுகிறது. வாக்கியங்கள் மெல்ல மூச்சு விடுகின்றன. 1876இல் குரு மறைந்த துயரத்தின் நடுவிலும் மாணவர் தெருவுக்கு வரவில்லை; மடம் அவரை வைத்துக்கொண்டது. வைத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் பின்னால் சீவக சிந்தாமணிப் பதிப்பு என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதைக் கொண்டு அந்தக் காலமே பொற்காலம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வாரச் சாப்பாடும் அக்கிரகாரத் திண்ணையும் யாருக்குக் கிடைத்தன என்று கேட்க வேண்டும். அந்தத் திண்ணை இருந்த தெருவில் நடக்கவே அநேகம் பேருக்கு உரிமை இல்லை. 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கிய சுவாமி சகஜானந்தருக்கு, சேரிப் பிள்ளைகளைப் படிக்க வைப்பதென்றால் பாடத்தோடு இடமும் சோறும் சேர்ந்தே தர வேண்டும் என்பது தெரிந்திருந்தது. திண்ணை கிடைக்காதவர்களுக்காகத்தான் இந்த நாட்டில் விடுதி பிறந்தது.

கணிதமேதை ராமானுஜன் விஷயத்திலும் இது உண்டு. கும்பகோணத்தில் அவர் வீட்டிலேயே கல்லூரி மாணவர்கள் குடியிருந்தார்கள். அந்த வரும்படி குடும்பத்துக்கு உதவிற்று. அவர்களிடம் கற்ற கணக்குப் பையனுக்கு உதவிற்று. பிற்பாடு 1910 வாக்கில் அவரே சென்னையில் தமக்கென்று இடமில்லாமல், தம்மிடம் படித்த ஒருவரோடு விக்டோரியா விடுதியில் ஒட்டிக்கொள்ள நேர்ந்தது. மேதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிடுகிறார்கள்.

பெண்ணுக்கு இடமில்லாமல் போவது இன்னொரு தினுசு. அதை எழுதியவர் ஜெயகாந்தன். 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' கதையும், அதன் தொடர்ச்சியாக வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலும் தமிழ் வாசகர் எல்லாருக்கும் தெரிந்தவை. மழையில் கல்லூரி வாசலில் பஸ்ஸுக்காக நிற்கிற பெண் ஒரு காரில் ஏறுகிறாள். சிறுகதையில் தாய் அவள் தலையில் தண்ணீர் ஊற்றி மூடி மறைத்து ஏற்றுக்கொள்கிறாள். நாவலில் தாய் ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் அடித்து வெளியே தள்ளுகிறான். அந்தக் கதை வந்தபோது எழுந்த விவாதமெல்லாம் கற்பைப் பற்றியது. கெட்டாளா, கெடவில்லையா, தண்ணீர் ஊற்றினால் சுத்தமாகுமா என்று வாசகர்கள் மல்லுக்கு நின்றார்கள்.

பஸ்ஸில் பார்த்த பெண்ணின் கேள்வியோடு நாவலைத் திறந்தால் அது கற்பின் கதையாக இல்லை. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு கல்லூரி மாணவி எங்கே படுப்பாள் என்கிற கதையாக இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வெங்கு மாமா வருகிறார். அழைத்துப் போகிறார். படிக்க வைக்கிறார். கங்கா எம்.ஏ. பட்டம் வாங்குகிறாள், பெரிய உத்தியோகத்துக்குப் போகிறாள். வெங்கு மாமா அவளுக்குக் கல்வி கொடுத்தார் என்று ஊர் சொல்கிறது; அவரும் சொல்லிக்கொள்கிறார். அவர் கொடுத்தது இடம். அதற்கு வாடகையாக அவர் எதை வசூலிக்கப் பார்த்தார் என்பதை ஜெயகாந்தன் ஒளிக்காமல் எழுதினார். தடவுகிற கையும் அறிவுரை சொல்கிற வாயும் ஒரே ஆளுடையவை. கங்கா சம்பாதிக்கத் தொடங்கிப் பல வருஷம் ஆன பிறகும் அந்த மாமா அவள் வீட்டுக்கு உரிமையோடு வந்து போகிறார். கொடுத்த இடத்துக்குக் கணக்கு இன்னும் தீரவில்லை என்பது அவர் எண்ணம். இந்த ஒரு பாத்திரத்துக்காகவே அந்த நாவல் நிற்கும் என்பது என் அபிப்பிராயம். பிரபுவைவிட வெங்கு மாமாதான் அசல் படைப்பு.

எங்கள் பஸ் பெண்ணின் பெரியம்மா வீட்டில் அப்படி ஏதும் இருப்பதாக நான் சொல்லவரவில்லை. அவள் சொன்னதெல்லாம் விடிகாலையில் தண்ணீர் பிடிப்பதும் பாத்திரம் துலக்குவதும் பெரியம்மாவின் பேரனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும்தான். அதையும் குறையாகச் சொல்லவில்லை.

உறவுக்காரர் தயவு வேண்டாம், விடுதியே நல்லது என்று முடிவுக்கு வந்தால் அங்கே பாமா நிற்கிறார். 1992இல் வெளிவந்த 'கருக்கு', விடுதியில் இடம் கிடைத்த பெண்ணின் கதை. கிடைத்த இடத்திலும் சாதி கூடவே வந்து படுத்துக்கொள்கிறது. போடுகிற சோற்றைச் சொல்லிக்காட்டும் வார்டன் ஆறுமுகத்தா பிள்ளையின் தூரத்து உறவு. ஒரு வித்தியாசம்: ஐயரால் அந்தக் குரலுக்கு ராகப் பெயர் வைத்துச் சிரிக்க முடிந்தது. பாமா சிரிக்கவில்லை; அவர் சிரித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற விமர்சகர்களை எனக்குப் பிடிக்காது.

மறுபடி மலைக்கு வருவோம். கொடைக்கானலின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். இடமில்லாமல் படிப்பில்லை என்பதை அந்த ஊர் ஆரம்பத்திலேயே அறிந்திருந்தது. 1845இல் மதுரைப் பக்கத்து அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்குப் பயந்து மேலே வந்து முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1895இல் செண்பகனூரில் ஏசு சபையார் தங்கள் மாணவர்களுக்காகத் திரு இருதயக் கல்லூரியை எழுப்பினார்கள். தங்குவதும் படிப்பதும் ஒரே கட்டடம். 1901இல் மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது ஹைகிளார்க் என்ற விடுதியையே பள்ளிக்கூடம் ஆக்கிக்கொண்டார்கள். பெற்றோர் தூரத்தில் இருக்கிறார்கள், ஆகவே முதலில் கட்டில், பிறகு கரும்பலகை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே எழவில்லை. சமுத்திரம் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தோன்றிய அந்த எளிய நியாயம், முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி மேல்மலையில் பிறந்த பிள்ளைகளுக்கும் கீழ்மலைப் பளியர் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் அவ்வளவு சீக்கிரம் தோன்றவில்லை.

இன்றைக்கு அந்த ஊரில் ஓர் அறை என்பது இரவுக் கணக்கில் விற்கிற சரக்கு. சித்திரையும் வைகாசியும் வந்தால் மாத வாடகைக்கு இருப்பவனைவிட இரண்டு நாளைக்கு வருபவன் லாபமாகத் தோன்றுவது வீட்டுக்காரருக்கு இயல்பு. அரசாங்கப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். 2024 முதல் தமிழ்ப் புதல்வன் என்று பையன்களுக்கும். நல்ல காரியம்; நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சீசனில் ஏரிப் பக்கம் ஓர் இரவு அறைக்கு அந்த ஆயிரம் போதாது. பழனியிலும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. மேலே சுற்றுலாக்காரர், கீழே யாத்திரிகர். இரண்டு ஊரும் வந்தவர்களுக்கு இடம் கொடுத்தே வாழ்கிற ஊர்கள். படிக்க வந்தவள் அந்தக் கணக்கில் வருவதில்லை, அவ்வளவுதான்.

கணக்கு என்றதும் இன்னொன்று. ஜனத்தொகைக் கணக்கில் வீடற்றவர் என்றால் கூரையில்லாத இடத்தில், பாலத்தடியில், நடைபாதையில் படுப்பவர். பெரியம்மா வீட்டு நடையில் படுக்கிற பெண்ணுக்குக் கூரை இருக்கிறது. ஆகவே அவள் அதில் சேரமாட்டாள். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடையே ஆராய்ச்சி செய்பவர்கள், நண்பர்கள் வீட்டு ஸோபாக்களில் மாறி மாறிப் படுப்பவனையும் வீடற்றவன் என்றே எழுதிக்கொள்கிறார்கள். நம் பாஷையில் அதற்குச் சொல்லே இல்லை. 'உறவுக்காரர் வீட்டில் இருந்து படிக்கிறாள்' என்று சொல்லிவிடுகிறோம். கேட்பதற்கு எவ்வளவு கௌரவமாக இருக்கிறது! மலைக்கு வரும் வண்டிகளை எண்ண 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. மலையிலிருந்து படிக்க இறங்குகிறவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று எண்ணும் பதிவேடு எதையும் நான் கண்டதில்லை. அதே வருஷம் மார்ச்சில் இன்னொரு வழக்கு: மாணவர் விடுதியும் பெண்கள் விடுதியும் குடியிருப்பா, ஓட்டல் மாதிரி வியாபாரமா, வரி உண்டா இல்லையா என்று. குடியிருப்புத்தான், ஜி.எஸ்.டி. கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிற்று. ஒரு மாணவி உறங்குகிற இடத்தை வீடு என்று சொல்ல நீதிபதி வேண்டியிருந்தது!

2020 மார்ச்சில் தொற்றுக் காலத்தில் விடுதிகளையெல்லாம் மூடி எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பாடம் கைப்பேசியில் வந்தது. மேல்மலையில் வீட்டுக்குள் கைப்பேசி எடுக்காது. அந்த ஒரு வருஷத்தை வைத்து யாராவது ஒரு நாவல் எழுதியிருந்தால் எனக்குத் தெரிவிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நா.பா.வுக்கு நியாயம் செய்ய வேண்டும். 'சத்திய வெள்ளம்' நாவலில் அண்ணாச்சி என்று ஒருவர் வருகிறார். வாடகைச் சைக்கிள் கடை வைத்திருப்பவர், தேசத் தொண்டர். மாணவர்கள் அந்தக் கடையில்தான் கூடுகிறார்கள். அவர் சொல்லுக்குக் கட்டுப்படுகிறார்கள். நாவலில் மற்ற எல்லாரும் கொள்கை பேசுகிறார்கள். அண்ணாச்சி இடம் கொடுக்கிறார், பதிலுக்கு எதையும் கேட்காமல். அவர் வருகிற பக்கங்களில் மல்லிகைப்பந்தல் கற்பனை ஊராகத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு கல்லூரி ஊரிலும் இப்படி ஒரு சைக்கிள் கடையோ டீக்கடையோ அச்சாபீஸோ இருந்திருக்கிறது. பூட்டிய கடைக்குள்ளே பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு உறங்கிப் பட்டம் வாங்கியவர்கள் இன்றைக்குக் காரில் போகிறார்கள். நா.பா. அந்தக் கடையைக் கண்டுபிடித்துவிட்டார். கடையைப் பூட்டிய பிறகு உள்ளே யார் படுத்திருந்தார்கள் என்பதையும் அவர் எழுதியிருந்தால் அது இன்னும் பெரிய நாவலாகியிருக்கும்.

இவ்வளவும் பேசுகிற நான் யோக்கியனா? இல்லை. பல வருஷங்களுக்கு முன் நானும் ஒரு மலை நாவல் எழுதினேன். அதில் ஒரு பையன் தகரப் பெட்டியோடு சாயங்கால பஸ்ஸில் கொடைக்கானல் வந்து இறங்குகிறான். கையில் பதினெட்டு ரூபாய். ஊரில் யாரையும் தெரியாது. பனி இறங்குகிறது என்று ஒரு பக்கம் வர்ணித்திருக்கிறேன். அந்த வர்ணனையைப் பாராட்டி எனக்குக் கடிதங்கள்கூட வந்தன. அடுத்த அத்தியாயத்தில் அவன் குளித்து, திருநீறு இட்டு, கல்லூரி முதல்வர் அறை வாசலில் நிற்கிறான். எங்கே குளித்தான்? கொடைக்கானலில், ஏழாயிரம் அடி உயரத்தில், பதினெட்டு ரூபாயோடு வந்த பையன் அந்த இராத்திரி என்ன ஆனான்? நாலு பதிப்பு வந்தாயிற்று. ஒரு விமர்சகரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஐந்தாம் பதிப்புக்குப் புரூஃப் இப்போது என் மேஜைமேல் கிடக்கிறது. அத்தியாயத்தின் முதல் இரண்டு வார்த்தைகளை அடித்துவிட்டேன். பஸ் நிலையத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு நிற்கிறவனை எங்கே அனுப்புவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சத்திரமா, கோயிலா, டீக்கடையா, கிளீனர் பையன்கள் படுக்கிற பஸ்ஸின் பின் சீட்டா? ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். ஒவ்வொருவரும் அவனிடம் ஏதோ கேட்பார். எத்தனை பக்கம் கூடும் என்று பதிப்பாளர் இரண்டு தடவை டெலிபோன் செய்துவிட்டார். தெரியாது, இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.